ஏலகிரிக்குப் போனது யார்

என் அண்ணன் பொய் சொன்னான். அந்தப் பொய்யால், என் மகளோடு போயிருக்க வேண்டிய ஒரே பயணம் கெட்டுப்போனது.

நாங்கள் இருப்பது திருப்பதியில். நான் தினமும் பஸ் ஏறிச் சித்தூருக்கு வேலைக்குப் போகிறேன். மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் எங்களுக்குப் பழம் வர ஆரம்பிக்கும். அப்புறம் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அதனால் பத்தாவது முடிக்கிற வரை என் பெண்ணை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. ஜூனில் அவள் ஹாஸ்டலோடு சேர்ந்த இன்டர் காலேஜுக்குப் போக வேண்டும். பிளஸ் டூ மாதிரி இரண்டு வருஷம். போன் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று நாள் எங்காவது போகலாம் என்று கேட்டாள். சாமி கும்பிடப் போகிற ஊராக இருக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

ஏலகிரி என்று முடிவானது. பழம் வருவதற்கு முந்தின வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு. ரூம் பேசினேன். அவள் நாலு தடவை பையை அடுக்கிப் பிரித்தாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போகும்போதும் மழை வருமா, ரோடு எப்படி என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டேன். புத்தி கெட்ட வேலை. உடனே கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன் போன்.

"டேய், வெள்ளிக்கெழம எங்களுக்குத் திருமலையில தரிசனம். எனக்கு மொட்டை வேண்டுதல் இருக்குது. உங்க மூணு பேருக்கும் சேத்தே டிக்கெட் எடுத்துட்டேன். எடுத்து மாசக்கணக்காவுது, சொல்ல மறந்துட்டேன்."

"அன்னிக்குத்தான் நாங்க ஏலகிரிக்குக் கெளம்பறோம்ணா."

"பெருமாள் கூப்புடறாரு, நீ ஏலகிரின்றியே! சனிக்கெழம போ. அந்த மலை எங்கியும் ஓடிடாது."

என் மனைவி அப்போதே சொன்னாள். "நீ மேல போவாத. போனா மாட்டிக்குவ."

போனேன். திருப்பதிக்காரன் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்பான். கைக்கு வந்த தரிசன டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. என் தப்பு அது.

வெள்ளி சாயந்திரம் கீழே இறங்கி எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். காலையில் நாங்கள் ஏலகிரிக்குக் கிளம்புகிறோம், நீங்களும் வாருங்கள் என்றேன். அண்ணன் மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பெருமாளைப் பாத்தவன் நேரா வூட்டுக்குப் போவணும். மூணு ராத்திரி தாண்டாம வேற ஊர் சுத்தக்கூடாது. பொண்ணு படிக்கப் போற நேரம், பாத்துக்கோ."

நேராக வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கும் தெரியும். மூன்று ராத்திரி என்பதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

மனைவி விடவில்லை. "அப்ப எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்தீங்க மாமா?"

"தம்பி வூடு எனக்கு வேற வூடாம்மா?"

"மாசம் ஒருவாட்டி இவரு மலைக்குப் போறாரு. மறுநாளே சித்தூரு பஸ் ஏறல? அப்ப போவாத பலன் இப்ப மட்டும் போய்டுமா?"

அண்ணன் போனை எடுத்து அந்த மூன்று ராத்திரிக் கதையைக் குரூப்பில் போட்டான். அத்தைகள், சித்தப்பாக்கள் எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். பெண்ணின் படிப்பு என்றதும் நான் பயந்துவிட்டேன். ரூமை கேன்சல் பண்ணினேன். மறுநாள் காலையில் இட்லி தின்றுவிட்டு, "நேரா வூட்டுக்குத்தான்" என்று அண்ணன் அண்ணியோடு காரில் கிளம்பினான்.

என் பெண் பையைப் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில்தானே என்று சந்திரகிரிக் கோட்டை வரை பைக்கில் கூட்டிப்போனேன். கோட்டை வாசலில் அவள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. திரும்பி வந்தோம்.

ஹாஸ்டலுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி ஸ்டேட்டஸில் பழைய போட்டோ ஒன்று வைத்தாள். ஏலகிரி ஏரி. படகில் அண்ணனும் அண்ணியும்.

"நைனா, பெரியப்பா தலையப் பாரு" என்றாள் மகள். "சந்தனம்கூட உதிரல."

அண்ணி கட்டியிருந்தது எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது கட்டியிருந்த அதே பச்சைப் புடவை. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். பழம் வந்து குவிகிறது, நான் மெஷின் முன்னால் நிற்கிறேன்.

அண்ணா, தனியாக எனக்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். மூன்று ராத்திரி என்று நீ எழுதியது குரூப்பில், எல்லாருக்கும் முன்னால். அந்தப் படகில் என்றைக்கு ஏறினாய், என் பெண்ணை ஏன் வீட்டில் உட்கார வைத்தாய் என்று அதே குரூப்பில், அதே ஆட்களுக்கு முன்னால் எழுது.