என்னைப் பற்றி ஒருவர் விசாரிக்கிறார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. திருத்தணி மலையடிவாரத்தில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண் மொட்டைத் தலையோடு சென்னையில் தெருவில் இறங்கினால் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். திருத்தணியில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் மொட்டைதான். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் வேண்டுதலுக்காக முடி கொடுக்க வந்தவள், அந்த நிம்மதிக்காகவே அங்கே தங்கிவிட்டேன்.

அதற்கு முன் சென்னையில் நான் பார்த்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. பெரிய கம்பெனிகளில் ஒருவர் வேலைக்குச் சேரும்போது அவர் சொன்னதெல்லாம் உண்மையா என்று விசாரித்துச் சொல்லும் நிறுவனம் எங்களுடையது. பழைய ஆபீசுக்கு போன் செய்வேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுவேன். எங்கேயாவது ஒரு முரண்பாடு கிடைத்தால் எழுதி அனுப்புவேன், அந்த ஆளுக்கு வேலை போய்விடும். ஒரு நாளைக்கு இத்தனை பேரை முடிக்க வேண்டும் என்று கழுத்தில் கத்தி வேறு.

எட்டு வருடம் இப்படி மற்றவர்களின் பொய்யைத் தேடிக்கொண்டே இருந்ததில் எனக்கு எல்லாமே பொய்யாகத் தெரிய ஆரம்பித்தது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் லீவு கேட்டால் சந்தேகம். தோழி ஊருக்குப் போகிறேன் என்றால் சந்தேகம். ஒருமுறை அம்மா போனில் ஜுரம் என்றாள். எந்த டாக்டர், எத்தனை மணிக்குப் போனாய், கூட யார் வந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.  "நான் உன் அம்மாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆபீசில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹலோ சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, இந்த வேலையை விடுங்கள் என்றார். விட்டேன். அடுத்து என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

திருத்தணியில் நான் இருந்த தெருமுனையில் ஒரு மாவுக்கடை இருந்தது. இட்லி மாவு, தோசை மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்பார்கள். அடிவாரத்து டிபன் கடைகளுக்கும் அங்கிருந்துதான் டிரம்மில் மாவு போகும். கடையை நடத்தியது என்னைவிடச் சின்னவள், முப்பதுகூட இருக்காது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். மாவு வாங்கப் போகும்போதெல்லாம் அந்த கிரைண்டர்கள் ஓடும் சத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த இரைச்சலில் போன் அடித்தாலும் கேட்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் அவள் தனியாகத் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெயர், ஊர், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மூன்றே கேள்வி. நாளையிலிருந்து வாங்க என்றாள். ஆதார் நகல்கூடக் கேட்கவில்லை.

அதுதான் என்னை உறுத்தியது. எதையும் விசாரிக்காமல் ஆள் எடுக்கிறவர்களிடம் மறைக்க ஏதோ இருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். வேலை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. உளுந்து பொங்கிப் பொங்கி வரும்போது கையை விட்டுப் பதம் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது, கை நடுக்கமும் குறைந்திருந்தது. ஆனால் புத்தி சும்மா இருக்குமா? பழைய மாவைப் புது மாவில் கலக்கிறாளா என்று மோந்து பார்த்தேன். பின்னறையில் ஒரு சாக்கு மூட்டை எப்போதும் கட்டியே இருந்தது. அவள் இல்லாத நேரத்தில் அதை அவிழ்த்துப் பார்த்தேன். கோழிக்குப் போடும் குருணை. அசடு வழிய மறுபடி கட்டி வைத்தேன்.

அவள் அடிக்கடி யாருடனோ போனில் தெலுங்கில் பேசுவாள். அந்தப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவது சாதாரணம்தான். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், நான் கிட்டே போனால் குரலைத் தாழ்த்துவாள். எனக்குத் தெரிந்த நாலைந்து தெலுங்கு வார்த்தைகளில் "அம்மாயி" ஒன்று. பெண் என்று அர்த்தம். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். உன்னைப் பற்றி ஒரு ஆள் கேட்டுவிட்டுப் போனான் என்றார். வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று பேச்சை ஆரம்பித்தானாம். பிறகு மெதுவாக, மேலே இருக்கிற பெண் எப்போதிலிருந்து இருக்கிறாள், யாராவது வந்து போகிறார்களா, வாடகை ஒழுங்காக வருகிறதா என்று கேட்டானாம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லையாம்.

 அவை என் கேள்விகள். அதே வரிசை. வாடகை வீடு கேட்பதுபோல் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று எத்தனையோ புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

யாராக இருக்கும்? என் அறிக்கையால் வேலை இழந்தவர்கள் ஒருவரா இருவரா? அதில் ஒருவன் என் நம்பரை எப்படியோ கண்டுபிடித்துப் பேசியிருந்தான். திட்டவில்லை, கத்தவில்லை. "உங்களைப் பத்தி விசாரிச்சா எல்லாம் சரியா இருக்குமா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவன்தான் வந்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்து எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் சொன்னார், அவரிடமும் ஒரு ஆள் கேட்டானாம். பிறகு நானே பார்த்தேன். தெருமுனையில் ஒரு பழைய மொபெட், ஒரு காலை ஊன்றியபடி ஹெல்மெட் போட்ட ஆள், பார்வை என் ஜன்னல் மேல். நான் எட்டிப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து கடைக்குச் சுற்று வழியில் போனேன். விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

அந்த வாரம் பார்த்துப் பழைய ஆபீசிலிருந்து போன். ஆள் பற்றாக்குறை, திரும்பி வந்தால் டீம் லீடர் ஆக்குகிறோம் என்றார்கள். அந்தக் குரலைக் கேட்டதுமே கை நடுங்கியது. ஆனால் மனம் கணக்குப் போட்டது. அங்கே போனால் விசாரிக்கிறவள் நான். இங்கே என்னை எவனோ விசாரிக்கிறான். கிருத்திகை முடிந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, பையை எடுத்துத் துணிமணிகளை அடுக்கினேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலம் கடைக்காரப் பெண் என் கையில் கடைச் சாவியைத் திணித்தாள். அவள் பையனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். விடியும் முன்னே சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு மலையேற வேண்டும். டிபன் கடைக்காரர்கள் வந்து புளித்த மாவை எடுத்துக்கொண்டு போவார்கள், நீங்கள் கடையைத் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த ஈடு ஆட்ட ஆரம்பித்துவிடுங்கள் என்றாள். வருடத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். மாவு கொடுக்காமல் விட்டால் அவள் பெயர் அடிவாரம் முழுக்கக் கெட்டுவிடும்.

எனக்கு முதலில் தோன்றியது, இது பொறி. நாளைக்கு ஏதாவது காணாமல் போகும், பழி என் தலையில் விழும். யோசித்துப் பார்த்துக் கொடும்மா என்றேன். "யோசிச்சிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விடியற்காலையில் பையையும் எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன். மாவைக் கொடுத்து முடித்ததும் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, கிடைக்கிற ரயிலில் ஏறிவிடுவது என்று முடிவு. தெருவெல்லாம் மஞ்சள் உடை, பூக்காவடி, அரோகரா சத்தம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கடைக்கு நேர் எதிரே, அதே மொபெட். அதன் மேல் அதே ஹெல்மெட்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. இத்தனை பேர் இருக்கும்போது என்ன செய்துவிடுவான் என்று நினைத்திருக்கலாம். நேராகப் போய், யார் நீ, யார் அனுப்பினார்கள், எதற்கு என்னைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிறாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த ஆள் அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பட்டை விபூதி. போனில் பேசி என்னைப் பயமுறுத்திய அந்த ஆள் இவர் இல்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் கடக்காரப் பொண்ணோட அக்கா வூட்டுக்காரன். கனகம்மாசத்திரத்துல இருக்கேன். விசாரிச்சிகினு வா பாவான்னு அதுதான் சொல்லிச்சி."

அவள் போனில் தெலுங்கில் பேசியது இந்தப் பாவாவிடம்தான்; அக்கா கணவரைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் கிரைண்டர் மோட்டாரையே கழற்றிக்கொண்டு ஓடிவிட்டானாம். அதனால் ஆதாரை நம்புவதில்லை, தெருவில் கேட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். எட்டு வருடம் ஊரை விசாரித்தவளை ஒரு மாவுக்கடைக்காரி மொபெட்டில் ஆள் வைத்து விசாரித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. விசாரித்ததில் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "நல்லதா ஒண்ணியும் கெடைக்கலம்மா. நல்ல வேலய பாதியில வுட்டுட்டு வந்துகிறீங்க. வூட்டுக்காரம்மாகிட்ட ஒரு காரணம் சொல்லிகிறீங்க, இஸ்திரிக்காரர்கிட்ட வேற சொல்லிகிறீங்க. ஒருத்தரும் வந்து பாக்கறதில்ல. ராத்திரியெல்லாம் லைட்டு எரியுது. இந்தப் பொண்ணு வேணாம், சாவி கீவி குடுத்துடாதன்னு சொன்னேன். கேக்கல. எனக்கு மனசு ஒப்பல, அதான் காலையிலயே வந்து குந்திகினு இருக்கேன்."

அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்ததை நான் சொல்லியிருந்தேன். உண்மையைச் சொல்லக் கூச்சம். அத்தனையும் முரண்பாடுதான்.

அதற்குள் டிபன் கடைக்காரர்கள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். கடையைத் திறந்தேன். டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நின்றது. அன்று காலை முழுவதும் நான் மாவை அள்ளிக் கொடுத்தேன், அரிசி கழுவினேன், உளுந்தைப் போட்டு ஆட்டினேன். அவர் டிரம்மைத் தூக்கி வைத்து உதவி செய்தார். ஆனால் கண்ணை மட்டும் என் மேலிருந்து எடுக்கவில்லை. நான் பின்னறைக்குப் போனால் அவரும் எதையோ தேடுவதுபோல் பின்னறைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அது பழகிவிட்டது. ரயிலை நான் மறந்தே போனேன்.

வெயில் ஏறிய பிறகு அவள் திரும்பி வந்தாள். வெறுங்காலோடு மலையேறியதில் பாதம் சிவந்திருந்தது. மஞ்சள் புடவை ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததுமே என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. விபூதியை நீட்டினாள்.

நான் வாங்கிக்கொள்ளாமல் கேட்டேன். பாவா இவ்வளவு சொல்லியும் எதற்குச் சாவியைக் கொடுத்தாய், என் மேல் உனக்குச் சந்தேகமே இல்லையா என்றேன்.

"ஏன் இல்ல? இருந்துச்சி. இப்பவும் கொஞ்சம் இருக்குது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க கூடத்தான் குருணை மூட்டைய அவுத்துப் பாத்தீங்க. முடிச்சு வேற மாதிரி இருந்துச்சி. நான் கேட்டனா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பாவா சத்தமாகச் சிரித்தார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் புள்ளைக்கி நேந்துகினது. நான் மலைக்கிப் போவணும், கடையும் தொறக்கணும். சந்தேகமே இல்லாத ஆளத் தேடிக்கினு இருந்தா என்னிக்கிக்கா நான் மலையேறுறது?"

இதில் என்னைப் பெருமைப்படுத்துகிற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியே இருக்க மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள்தான் என் அனுபவத்தில் முதல் பொய்யர்கள். இவள் உள்ளதைச் சொன்னாள், அதனால் நம்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மனுஷி சொன்னதை மறு பேச்சில்லாமல் நம்பினேன். அங்கேயே, மாவுக் கையோடு அழுதுவிட்டேன். நான் ஏன் வேலையை விட்டேன், கை ஏன் நடுங்கியது, அம்மாவிடம் என்ன கேட்டேன் என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் இடையில் எதுவும் கேட்கவில்லை. பாவா மட்டும், இதை முன்னாடியே இஸ்திரிக்காரரிடம் சொல்லியிருந்தால் எனக்கு பெட்ரோல் மிச்சமாகியிருக்குமே என்றார்.

அன்று மத்தியானமே பழைய ஆபீசுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்ததாக அம்மாவைக் கூப்பிட்டு, மாவுக்கடையில் வேலை செய்யப்போகிறேன் என்றேன். அம்மா, சாப்பிட்டாயா என்றாள்.

இப்போது நான் அரக்கோணத்தில் சொந்தமாக ஒரு மாவுக்கடை நடத்துகிறேன். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். சந்தேகப்படும் புத்தி முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போன மாதம் ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன். பாவா அன்று சொன்னதையெல்லாம் வைத்து நான் ஓர் அறிக்கை எழுதியிருந்தால், இந்தப் பெண் வேண்டாம் என்றுதான் முடித்திருப்பேன்; அவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகும் ஒருத்தி என் கையில் சாவியைக் கொடுத்தாள்.