புடோல் பந்தலும் மாலைக்கண்ணும்

புடோல் (புடலை) பூக்கவில்லை என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருந்தது. வளவில் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் மணல். குழி வெட்டி அடியில் தென்னந்தும்பு நாரைப் பரப்பி, மேலே சாணமும் காய்ந்த சருகும் போட்டு மூடினால் ஊற்றுகிற தண்ணீர் கொஞ்ச நேரமாவது நிற்கும். உப்புக்காற்றுக்கு மேற்குப் பக்கம் செவ்வரத்தை (செம்பருத்தி) வேலி. இவ்வளவு செய்துவிட்டால் பசளி, பொன்னாங்காணி, முருங்கை, பப்பாசி (பப்பாளி) எல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும். இரண்டாம் உலக யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் கொடுத்தபோது எல்லோரும் வீட்டுத்தோட்டம் போட்டார்கள். நான் அதற்கு முன்பே தோட்டப் பைத்தியம்.

புடோல் மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும். பொழுது பட்ட பிறகுதான் அதன் பூ விரியும், விடிந்ததும் வாடிவிடும். பூச்சிகளை நம்பியிராமல் ஆண் பூவைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சோடு நிற்கும் பெண் பூவில் மெல்லத் தேய்த்துவிட்டால் காய் நிச்சயம். பிள்ளை பிறந்து, மறுபடி பந்தலடிக்குப் போகத் தொடங்கிய நாட்களில் எந்த மாலையும் ஒரு பூவைக்கூட நான் காணவில்லை. பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

தழை கூடிவிட்டது என்று இலைகளைக் கழித்தேன். சாம்பல் போட்டேன். கொடியின் நுனியைக் கிள்ளினேன். நோய் எனக்கு, வைத்தியம் எல்லாம் செடிக்கு.

வீட்டுக்குள்ளும் கதவில் இடித்தேன், வாளியில் தடக்கினேன். விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்குகளைக் கறுப்புத் துணியால் மூடிவைத்த காலம் அது. கொழும்பில் தடக்கி விழாதவர் யார் என்று சிரித்துக்கொண்டேன்.

பிரசவத்துக்குத் துணையாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த என் அக்கா ஒரு மாலை, பசிக்கு அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலடிக்கு வந்தார்.

“இவ்வளவு பூத்திருக்கு. என்னத்தைத் தேடுறாய்?”

“எங்கை பூத்திருக்கு?”

அக்கா என் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய் ஒரு பூவில் வைத்தார். அதன் ஓரத்து நூலிழைகள் விரல்களில் பட்டன. கண்ணுக்கு முன்னால் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவ்விடத்திலேயே இருந்து அழுதேன்.

அடுத்த நாள் கணவர் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அக்காவும் பிள்ளையோடு வந்தார். லேடி டொக்டர் என் கண்ணைப் புரட்டிப் பார்த்து, மாலைக்கண் (பகலில் தெளிவாகத் தெரியும் பார்வை, வெளிச்சம் குறைந்ததும் மங்கிப்போகும் நோய்) என்றார். விற்றமின் ஏ (கண்ணுக்கு வேண்டிய ஒரு சத்து) குறைந்ததால் வந்தது, இப்படியே விட்டால் கருவிழியும் பழுதாகும் என்றார். பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சோறு, மிளகும் சீரகமும் சேர்த்துச் சரக்கு அரைத்த கறி, உள்ளிப்பூண்டு என்றேன். தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“இவ்வளவும் வளவில நிக்குது. ஆர் சாப்பிடுறது?”

எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டுச் சனம் முழுவதும் சாப்பிட்டது. பெற்றவளுக்குக் கீரை குளிர், பூசணி வாய்வு, பப்பாசி சூடு என்று பத்தியத்தில் எல்லாம் விலக்கு. பிள்ளைக்கு வயிறு இளகும்போதெல்லாம் அக்கா பத்தியத்தை நீட்டினார். அக்காவின் முதல் பிள்ளை வயிற்றோட்டத்தில் போனது. அந்தப் பயத்தில் செய்தவரை நான் எப்படிக் குறை சொல்வது? நானும் நாளாந்தம் கட்டுக்கட்டாகக் கீரை பிடுங்கி அயலுக்குக் கொடுத்துவிட்டு வந்து, உள்ளிக் கறியோடு சாப்பிட்டேன்.

“பிள்ளைக்கும் இந்தச் சத்து உங்கட பாலிலயிருந்துதான் போகவேணும். பொழுதுபட்டாப் பிறகு பிள்ளை உங்கட முகத்தைப் பாக்கிறாரோ?” என்று டொக்டர் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. எனக்கே கண் தெரியாத நேரத்தில் அவன் எங்கே பார்க்கிறான் என்று நான் எப்படி அறிவது? கணவர் பார்க்கிறான் என்றார், என்னைத் தேற்றுவதற்கு அவர் எதையும் சொல்லுவார். அக்காவும் ஓம் என்றார். ஆனால் அதைச் சொன்ன வேகத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மீனெண்ணெய் தந்தார்கள். மறுநாள் விடிய அக்கா தானே முருங்கைக் கொப்பை முறித்து, இலையை எண்ணெயில் வதக்கித் தேங்காய்ப்பால் விட்டு என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். பிறகு பசளி, பூசணி, பப்பாசிப் பழம். பத்தியம் காத்த அதே கண்டிப்போடு, நான் சாப்பிட்டு முடியும்வரை முன்னால் நின்றார். மாலையில் என் சொல்கேட்டுப் புடோல் பூவுக்கும் அவரே வைத்தியம் பார்த்தார். முதல் நாள் ஆண் பூவை ஆண் பூவிலேயே தேய்த்துவிட்டு வந்து, முடிந்தது என்று கைகழுவினார். நெடுநாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இதே குறை உள்ள தாய்மார் பயப்பட வேண்டாம். காலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்வை திரும்பும். தோட்டம் போடுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். அகலம் வேண்டாம், கிணற்றடி ஈரத்தில் இரண்டு பாத்தி பசளி, மதிலோரம் ஒரு முருங்கைத்தடி போதும். முதல் பிடுங்கல் உங்கள் சட்டிக்குப் போகட்டும்.

எனக்குப் பார்வை மெல்ல வந்தது. முதலில் கிணற்றுக்கட்டின் விளிம்பு, பிறகு கொடியில் காய்ந்த வேட்டி. முன்பெல்லாம் பொழுதுபடுவதை நான் கவனித்ததே இல்லை. வேலைக்கும் விளக்குக்கும் இடையில் கழியும் சும்மா நேரம் அது. இப்போது பகல் இறங்கத் தொடங்கினாலே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். என் கண் என்னுடையதுதான் என்றாலும், யாரோ சேர்ந்து திருப்பித் தந்தது போல இருக்கிறது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலை, பிள்ளை பாயில் கிடந்தான். அறை மங்கியிருந்தது. சத்தம் போடாமல் அவனுடைய வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்ந்தேன். அவன் கண்கள் என் பின்னால் வந்தன. நான் திரும்பி நகர்ந்தேன். அவையும் திரும்பின.

விளக்குக் கொண்டுவரட்டோ என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.