சலீமுக்குத் தைத்த சிவப்பு பூட்ஸ்

நேற்று ஆம்பூர் பஜாரில் செருப்புத் தைப்பவர் சோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். உங்களுக்குத் தலைவலி தரும் வாடை அது. எனக்கோ, சிரிக்காதீர்கள், சலீமின் வாடை!

அந்தக் காலத்தில் ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் மிஷின், சலீமுக்கு சோல் ஒட்டும் வேலை. பொழுது சாய்ந்தால் அவனுக்குக் குஸ்திதான். அந்த வருஷம் பொருட்காட்சிக்கு, ஊர் ஊராகப் போகும் குஸ்தி கம்பெனி ஒன்று வந்தது. அவர்களுடைய பயில்வானிடம் மூன்று ரவுண்டு தாக்குப்பிடித்தால் தங்கள் குஸ்தி கம்பெனியிலேயே சேர்த்துக்கொள்வார்களாம். சலீமுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அங்க எல்லாரும் பூட்ஸ் போட்டுருக்காங்கக்கா. வெறுங்காலோட ஏறினா சிரிப்பாங்க. ஒண்ணு தெச்சுக் குடேன்."

சூப்பர்வைசரைக் கெஞ்சி வாங்கிய சிவப்புத் தோலில், மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் தைத்தேன். அடியில் என்ன தெரியுமா? வெளிநாட்டுக்கு அனுப்பும் உசத்தி லெதர் சோல், கண்ணாடி மாதிரி பளபளப்பு! ஒட்டியது அவன்தான், பழியில் பாதி அவனுக்கும் உண்டு.

மேடை ஏறியதும் சர்ரென்று வழுக்கினான். எழுந்தான், மறுபடி விழுந்தான். "இன்னாடா, எண்ணெய் ஊத்திக்கினு வந்தானா?" என்று கூட்டம் சிரித்தது. எனக்கு உயிரே போயிற்று. இரண்டு ரவுண்டு எப்படியோ கயிற்றைப் பிடித்துத் தப்பித்தான். இடைவேளையில் லேஸை இழுக்கிறான், அவிழவில்லை. நான் போட்ட முடிச்சாயிற்றே!

"அக்கா, கத்திரி!"

நூல் வெட்டும் குட்டிக் கத்திரி எப்போதும் என் கழுத்தில் தொங்கும். சர்ச்சுக்கே அதோடு போய்த் திட்டு வாங்கியவள் நான். ஜனத்தை இடித்துக்கொண்டு ஓடி, இரண்டு லேஸையும் நறுக்கினேன். வெறுங்காலோடு எழுந்தான் பாருங்கள்! மலை மாதிரி நின்ற அந்தப் பயில்வானை அப்படியே இடுப்பில் தூக்கிப் பொத்தென்று போட்டான். ஐயோ, நான் போட்ட கூச்சலில் மூன்று நாள் எனக்குக் குரலே இல்லை.

அப்புறம் பதினோரு வருஷம் அந்தக் குஸ்தி கம்பெனியோடு, ஹூப்ளி, நாக்பூர் என்று போஸ்டரெல்லாம் 'சிவப்பு பூட்ஸ் சலீம்'தான். வருஷத்துக்கு ஒரு ஜோடி நான் தைப்பேன். செய்தித்தாளில் பாதத்தை வரைந்து தபாலில் அனுப்புவான்; ஓரத்தில் "ரப்பர் சோல்க்கா!" என்று தவறாமல் எழுதியிருப்பான். போகப்போக வலது காலின் கோடு மட்டும் கோணிக்கொண்டே வந்தது. பாதத்து எலும்பு இரண்டு தடவை உடைந்ததை அவன் எழுதவேயில்லை. பிறகு குஸ்தி கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள், தபாலும் நின்றது.

பொருட்காட்சி மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன மாதம் அங்கேதான் அவன் மகள் நிக்காஹ். மாமனார் கோலத்தில் அவன், காலில் பளபளவென்று கறுப்பு ஷூ.

"டேய், லெதர் சோலா?"

"இனிமே வழுக்கினா இன்னாக்கா? எதிர்ல ஆளா நிக்கிறான்?"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். படி இறங்கும்போது மட்டும், கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டான்.