காற்றின் மேல் எனக்குள்ள கோபம்

விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களைப் படிப்பவனுக்கு முதல் எதிரி, தலைக்கு மேலே இருக்கிற காற்றுதான். பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்று அனுப்பும் தரவுகளை ரொறன்ரோவில் உட்கார்ந்து அலசுவது என் தொழில். அதில் மங்கலான ஒரு புள்ளியை வருடக்கணக்காகத் துரத்துகிறேன். அது உண்மையான விண்பொருள்தான் என்று நிரூபிக்க இன்னும் கொஞ்சம் ஒளி சேர வேண்டும். செய்யும் தொழிலோடு மல்லுக்கட்டுகிறவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மல்வேர்னில் ஒரு பிறந்தநாள்

கொத்துரொட்டித் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அங்கிள், என் தொழிலைக் கேட்டறிந்து, "உதுக்கு ஏன் செய்மதி? உயரமான கட்டடத்தில ஒரு கமராவைப் பூட்டினாக் காணாதோ?" என்றார். எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் அதற்கு மேலே காற்று இருக்கும், அது காமாக் கதிரைக் கீழே விடாது, காற்றைத் தாண்டிப் போனால்தான் பிடிக்கலாம் என்று அவருடைய தட்டு காலியாகும்வரை விளக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காற்று அதை மறிக்காவிட்டால் நாங்கள் உயிரோடு இருக்க மாட்டோம் என்றும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அப்ப உந்தக் காத்து எங்களைக் காப்பாத்துது. நீர் என்னத்துக்குத் தம்பி அதோட கொளுவுறீர்?"

புதிய வெளிச்சம்

தாண்டிப் போனாலும் காற்று விடுவதில்லை. விண்ணிலிருந்து வரும் துகள்கள் மேல்காற்றில் மோத, அங்கேயே காமாக் கதிர்கள் பிறக்கும். செய்மதியின் கண்ணுக்குப் பூமியின் விளிம்பு தகதகவென்று தெரியும். ஆகவே விளிம்புக்குக் கிட்டவுள்ள தரவுகளைக் கழித்துவிடுவோம். என்னோடு வேலை செய்யும் மதுரா இங்கேயே பிறந்தவள். என் புள்ளிக்கு ஒளி போதவில்லையே என்று இரக்கப்பட்டு, எனக்குச் சொல்லாமல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டாள். புள்ளி பளிச்சென்று வந்தது. நான் துள்ளிக்குதித்து, கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டி, கைதட்டலும் வாங்கினேன். பின்னேரம் சரிபார்த்தால், கூடிய வெளிச்சம் முழுவதும் நம் வளிமண்டலம். எரிச்சலோடு மதுராவைக் கூப்பிட்டேன்.

"சொறி அண்ணா. பட் டெக்னிக்கலி, நாங்கள் பூமியைக் கண்டுபிடிச்சிருக்கிறம்."

சூரியனும் சேர்ந்துகொண்டது

சூரியன் கொந்தளித்தால் மேல்காற்று சூடாகிப் பொங்கும். தாழ்வாகச் சுற்றுகிற செய்மதியைப் பிடித்துக் கீழே இழுக்கும். எங்களுடையதைத் திரும்ப உயர்த்த அதில் எரிபொருள் கிடையாது. நினைத்ததைவிட முன்னதாகவே விழுந்து எரிந்துவிடும், என் புள்ளிக்கு வேண்டிய ஒளி சேராது என்று காலைக் கூட்டத்தில் சொன்னார்கள். இத்தனை வருடமாகத் துரத்தியது உண்மையா பொய்யா என்றுகூட எனக்குத் தெரியப்போவதில்லை. மில்லிக்கனில் இருக்கும் வீட்டுக்கு வந்து, அறையைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒஷாவாவில் வேலை முடிந்து வந்த மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். முதுகைத் தடவிவிட்டாள்.

"முதல்ல அந்த யன்னலைத் திறவுங்கோ, கொஞ்சம் காத்து வரட்டும்."

மூச்சு விட வேண்டியிருப்பதால் மட்டும்தான் இந்தக் காற்றோடு நான் இன்னும் முகங்கொடுத்துப் பேசுகிறேன்.