குழல்வாய்மொழி போட்ட எடை

குழல்வாய்மொழியோடு என் முதல் பேச்சே சண்டைதான். தென்காசி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்தவன் நான். பெயர் நமசிவாயம். கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது போர்ட்டர்களுக்கெல்லாம் தெரியும். எண்பத்தேழாம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பக்கத்தில் இருந்த எடை பார்க்கும் மெஷினை மறித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒல்லியான உடம்பு, தோளில் ஜோல்னாப் பை. பிள்ளையோடு வருகிற தாய்மார்களை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பேசி முடித்தவர்கள் அப்படியே ரயிலேறிப் போனார்கள். என் கடைப்பக்கம் ஒருத்தர் திரும்பவில்லை.

"ஏளா, இது ரயில்வே ஸ்டேஷனா, பள்ளிக்கூடமா? யாவாரத்தக் கெடுக்காம அங்கன தள்ளி நில்லு" என்றேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. என் கடையை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணாச்சி, டீத்தூள் போர்டு ஒண்ணே ஒண்ணுதான் மாட்டியிருக்கீங்க. மத்ததெல்லாம் பிள்ளைங்க குடிக்க டப்பா மாவு, பிஸ்கட்டு, சாக்லேட்டு. டீக்கடைக்கு எதுக்கு இத்தனை?" என்று கேட்டாள்.

பதில் தெரியாததைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். "கம்பெனிக்காரன் மாட்டுதான், சும்மா கெடக்கட்டும்னு விட்டேன். ஒனக்கென்ன?" என்றேன்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. இலத்தூர் போஸ்ட்மேன் முத்துக்குமாரசாமியின் மூத்த மகள். மதுரையில் உணவு, சத்து பற்றிய எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். விளம்பரம் பார்க்கிற பிள்ளைகள் எதைக் கேட்டு அழுகிறார்கள், கேட்டது கிடைக்கிற பிள்ளைகளின் எடை எப்படி ஏறுகிறது என்று ஆராய்ச்சி. கொடைக்கானல் டி.வி. டவர் வந்து மாடிக்கு மாடி ஆண்டெனா முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுத வராது, டப்பா விளம்பரப் பாட்டு முழுசாக வரும். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"எலும்பும் தோலுமா பிள்ளைங்க திரியுத ஊருல குண்டுப் பிள்ளையப் பத்திப் படிப்பா? நல்லா இருக்கும்மா ஒங்க காலேஜு."

"ஒல்லியப் பத்தி எல்லாரும் படிச்சுட்டாங்க அண்ணாச்சி. இது இப்பத்தான் ஆரம்பிக்கு. ஆரம்பத்துலயே பாத்துட்டா நல்லதுல்லா" என்றாள்.

சித்திரை முடிவதற்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பட்டம் கிடையாது. அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். இந்த ஒரு வருஷத்தோடு சரி என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டாராம். அதனால்தான் சனிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து, ஞாயிறு முழுக்க நின்று, சாயங்காலப் பாசஞ்சரில் மதுரைக்குத் திரும்பினாள்.

ஸ்டேஷனுக்கு அவள் வந்ததற்கும் காரணம் இருந்தது. முதலில் ஒரு தராசைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகத்தான் போயிருக்கிறாள். ஒரு வீட்டில்கூடப் பிள்ளையைத் தொட விடவில்லை. "கோழியத் தூக்கிப் பாக்க மாதிரி எம் பிள்ளையத் தூக்குவியா?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பிள்ளைக்கு எடை போட்டால் கண்ணு பட்டுவிடும், வளர்த்தி நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பயம்தான் இது.

அதே தாய்மார்கள் ஸ்டேஷன் மெஷினைக் கண்டால் பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். சிவப்பும் பச்சையுமாக பல்பு எரிந்து, சக்கரம் சுற்றி, 'டக்' என்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடைப் பக்கத்தை எவள் பார்த்தாள்? குழல்வாய்மொழி இதைக் கவனித்துவிட்டாள். போன தெருவுக்கே மறுபடியும் போய், "ஸ்டேஷனுக்கு வாங்க. காசு நான் போடுதேன். ஜோசியம் ஒங்களுக்கு, எடை எனக்கு" என்று சொல்லியிருக்கிறாள். மறு ஞாயிறே கூட்டம். அந்த மூளையைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியும் போனதற்குக் காரணம் வேறு. காலையில் வந்ததும் முதலில் தான் மெஷினில் ஏறுவாள். அப்புறம் பார்சல் ஆபீசின் ஐந்து கிலோ படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். கூடுதல் சரியாக வந்தால்தான் அன்றைக்கு வேலை. இல்லையென்றால் ரிப்பேர்காரர் வரும்வரை பிள்ளைகளிடம் பேச்சு மட்டும்தான். நாங்கள் எல்லாம் சிரித்தோம். அவள் எங்களைச் சட்டை செய்யவே இல்லை.

என் மகள் ருக்மிணியையும் என் மனைவி மாரித்தாய் கூட்டி வந்தாள். ருக்மிணி எங்களுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு முன்னால் இரண்டு, மண்ணுக்குக் கொடுத்தோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், எனக்கோ உலகத்திலேயே ஒரே குஞ்சு. கைக்குழந்தையாக இருந்தபோது குற்றாலம் சாரல் விழாவில் ஒரு டப்பா மாவுக் கம்பெனி நடத்திய கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து அந்த மாவுதான், காலையில், மத்தியானம், ராத்திரி என்று. ஏழு வயதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு இருந்தாள். ஓடினால் மூச்சு வாங்கும். செல்லம் என்று நினைத்தேன்.

பங்குனி ஆரம்பத்தில் வேலை முடிந்துவிட்டது என்றாள் குழல்வாய்மொழி. கணக்கு அவள் நினைத்தபடியே வந்திருந்தது. விளம்பரப் பாட்டு நிறையத் தெரிந்த பிள்ளைகள்தான் எடை கூடியவர்கள். விட்டுப்போன ஒரே ஒரு பையனுக்காக அந்த ஞாயிறு வந்திருந்தாள். வடகரை ஜாஹிரா பீவியின் மகன். தகப்பன் துபாயில். பெட்டி பெட்டியாகச் சாக்லேட்டும் பால்மாவும் வருகிற வீடு. பையன் மெஷினில் ஏறினான். டிராயர் பையிலிருந்து என்னவோ 'டங்' என்று விழுந்தது. பெரிய இரும்புப் பூட்டு.

"இது என்னத்துக்கு?" என்றாள் குழல்வாய்மொழி.

ஜாஹிரா பீவி சாதாரணமாகச் சொன்னாள். "சும்மா ஏத்துனா கண்ணு பட்டுரும்லா. இரும்பு கூட இருந்தா நெச எடை தெரியாது. எல்லாரும் செய்யுததுதான."

எல்லாரும். குழல்வாய்மொழி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாரித்தாயைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ருக்மிணியின் பாவாடை மடிப்பில் எங்கள் வீட்டுப் பாக்குவெட்டி இருந்திருக்கிறது. ஒருத்தி சாவிக்கொத்து, ஒருத்தி ஆணி மூட்டை, ஒரு புண்ணியவதி கடைப் படிக்கல்லையே வைத்துக் கட்டியிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுக்கு நீயுமாட்டி கெளம்பிட்ட? ஒரு பிள்ளையோட படிப்பு போச்சே" என்று பிளாட்பாரம் கேட்கக் கத்தினேன். மாரித்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. ரெண்டக் குடுத்தவ நான்" என்றாள்.

குழல்வாய்மொழி எழுந்து வந்தாள். "மதினிய ஏசாதீங்க அண்ணாச்சி. அவங்க பிள்ளையக் காப்பாத்தத்தான செஞ்சாங்க. எடை எதுக்குன்னு நான் யாருக்கும் சொல்லல. ஜோசியத்தக் காட்டி வாங்குனேன். தப்பு எம்மேல" என்றாள்.

"சரி, இப்ப என்ன? ஆளுக்கு அரைக் கிலோ கழிச்சுப் போடு. எந்தப் பய கண்டான்?"

"எந்தப் பிள்ள மடியில எது இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டா விடு. கூடுதலாக் காட்டுனா ஒனக்கு நல்லதுதான. நீ சொல்லுததும் அதுதான?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கோபம் இல்லை. இத்தனை நாள் பக்கத்திலிருந்து பார்த்தும் இவருக்கு ஒன்றும் புரியவில்லையே என்கிற மாதிரி பார்த்தாள். "நாளைக்கு ஒரு டாக்டர் இதப் படிச்சுட்டு ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டக் கொறப்பாரு அண்ணாச்சி. பூட்டோட எடைய நம்பிக் கொறச்சா அந்தப் பிள்ள என்னத்துக்காகும்?" என்றாள். பையிலிருந்த அட்டைகளை எல்லாம் எடுத்து என் கடை அடுப்பில் போட்டாள். பட்டம் எரிகிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகப் போய், எதற்கு எடை வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிக் கேட்டாள். இரும்பு இல்லாமல் ஏற்ற ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. முன்பாவது கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார்கள், இப்போது விஷயம் தெரிந்துபோய் ஸ்டேஷன் பக்கமே வரவில்லை. சித்திரை பிறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து, "வாரேன் அண்ணாச்சி. முடியலன்னு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துருதேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்.

பாசஞ்சர் வந்து நின்றபோது மாரித்தாய் பிளாட்பாரத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ருக்மிணி. பின்னால் ஜாஹிரா பீவியும் தெருப் பெண்கள் சிலரும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போலத் தள்ளித் தள்ளி.

"ஏட்டி, எங்க வந்த?" என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். மெஷினுக்கு முன்னால் நின்று, மகளின் பாவாடையை எல்லாரும் பார்க்க உதறினாள். ஒன்றும் விழவில்லை. இடுப்பில் கிடந்த வெள்ளிக் கொடியைக்கூடக் கழற்றினாள். இரண்டைப் பறிகொடுத்தவள் அதைக் கழற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

"கண்ணு படுததுன்னா எம்மேல படட்டும். தன் படிப்பையே எரிச்சுப்போட்டு எம் பிள்ளைக்காக நிக்கா இவ. இவ கண்ணு படாது" என்று சொல்லிவிட்டு ருக்மிணியை ஏற்றினாள்.

சக்கரம் சுற்றியது. அட்டை விழுந்தது. மாரித்தாய் ஜோசியப் பக்கம் திருப்பவில்லை. எடையைச் சத்தமாகப் படித்தாள். "முப்பத்து நாலு கிலோ."

பாசஞ்சர் ஊதிவிட்டுக் கிளம்பியது. குழல்வாய்மொழி ஏறவில்லை. ஜாஹிரா பீவி மகனின் டிராயர் பைகளை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டே வரிசைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அன்று தொடங்கி நாலைந்து நாளில் மொத்தப் பிள்ளைகளுக்கும் எடை எடுத்து, அந்த மாதத்துக்குள்ளேயே எழுதிக் கொடுத்தாள். கணக்கு முன்பைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. வந்ததை வந்தபடி எழுதினாள். பட்டம் வாங்கினாள். ஆலங்குளத்தில் வேலைக்குப் போனாள். இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேசினால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் அன்றைக்கு நடந்தது இன்னும் ஒன்று இருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாரித்தாய் அவளிடம் கேட்டாள். "இது சரியான எடையா, கூடுதலா? எங்களுக்காகப் பூசி மெழுகாத."

குழல்வாய்மொழி என்னைப் பார்த்தாள், ருக்மிணியைப் பார்த்தாள். "கூடுதல் மதினி. ரொம்பக் கூடுதல்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் மகளைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வேறு எவர் சொல்லியிருந்தாலும் கடையை விட்டுத் துரத்தியிருப்பேன். அன்றைக்கு மகளைக் கிட்டத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டேன். மாரித்தாய்தான் கேட்டாள்.

"அப்ப நாளைக்குக் காலையில பிள்ளைக்கு நான் என்ன குடுக்கட்டும்?"