நல்லசாமியின் நெஞ்செலும்பு

அசாம் ஜாவா என்னும் ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டியவர் நல்லசாமி. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு நாள் காலை, வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பக்கத்துக் கட்டிலில் சபாக் என்ற ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவநாதன் இருந்தார். அவருக்கு ஒரே அடைப்பு. இடது விலா இடுக்கில் சிறிதாகக் கீறி பைபாஸ் செய்திருந்தார்கள். மூன்றாம் நாளே வராந்தாவில் நடந்தார்.

நல்லசாமி டாக்டர் ரூபிணியிடம் கேட்டார்: "எனக்கும் சாருக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சிருங்க லா. நெஞ்செலும்ப அறுத்துட்டா நான் எப்படிக் குலை வெட்டறது?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சின்னக் கீறல்னா வலி கம்மி, சீக்கிரம் எந்திரிக்கலாம், உண்மைதான் ஐயா. ஆனா உங்களுக்கு மூணு அடைப்பு, ஒண்ணு பின்பக்கம், சக்கரையும் இருக்கு. அவ்வளவு சின்ன வழியில மூணையும் நல்லா தைக்க முடியும்னு என்னால சொல்ல முடியல. அஞ்சு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு வகையிலயும் பொழச்சிருக்கிறவங்க ஏறக்குறைய ஒரே அளவுதான்."

நல்லசாமி மனைவி புஷ்பாவைப் பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள்.

நெஞ்செலும்பை அறுத்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். புரண்டு படுக்க முடியவில்லை. குளிப்பாட்டிவிட்டவள் புஷ்பாதான். சார் இரண்டே வாரத்தில் கார் ஓட்டுகிறாராம் என்று கேள்விப்பட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. எலும்பு ஒன்றுசேர மூன்று மாதமாயிற்று. அதன் பிறகும் குலை வெட்டும் நீளக் கழியைத் தூக்கக் கை வரவில்லை. தோட்டத்தில் அவரை வாசல் கேட் காவலுக்கு மாற்றினார்கள்.

ஓராண்டு கழித்து, இதயப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது சிவநாதனைப் பார்த்தார். இளைத்திருந்தார்.

"ஒட்டின குழாய் சுருங்கிப் போச்சுது, தம்பி. போன மாதம் டாக்டர்மார் ஸ்டென்ட் வச்சவை."

"சின்னக் கீறலாலயா சார்?"

"இல்லையாம். எப்படிச் செய்தாலும் சிலபேருக்கு இப்பிடி வருமாம்."

நல்லசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க மேல நான் ரொம்பப் பொறாமப்பட்டேன், சார்."

சிவநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் கூப்பிடும்வரை விடவில்லை.

நல்லசாமியின் இதயம் நன்றாக இருப்பதாகச் சோதனை சொன்னது. புஷ்பாவுக்குப் போன் போட்டவர், தன்னைப் பற்றிச் சொல்லுமுன் சாரைப் பற்றித்தான் சொன்னார்.