சட்டைப் பொத்தான் அளவு சக்கரங்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்னும் குழப்பம்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு மணவாள நகரில். திருவள்ளூரில் ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. “உன் மூஞ்ச வெளிச்சத்துல பாத்து எவ்ளோ நாளாச்சு” என்பாள் மனைவி. சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவேன்.

அடுத்த தெருவில், மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருந்தார். அவர் வீட்டு கேட்டுக்கு ஒரு இரும்புப் பின் கடைந்து கொடுக்கப் போனபோதுதான் அந்த விளையாட்டு ரயிலைப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து மகள் வாங்கி அனுப்பியது. மேசை முழுக்கத் தண்டவாளம். கையிலுள்ள சின்னப் பெட்டியில் ஒரு நம்பரை அழுத்தினார். ஒரு எஞ்சின் கிளம்பியது. அதே தண்டவாளத்தில் நின்ற இன்னொன்று அசையவில்லை. அது மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நான் அப்படித்தான்.

ஒரு சரக்குப் பெட்டியின் சக்கரங்கள் விளிம்பு உடைந்திருந்தன.

“இத கடஞ்சி குடுப்பியாப்பா? என் தம்பி இங்க பக்கத்துலதான் லேத் ஷாப் வச்சிக்கினு கீறான். ஆளு தேடிக்கினு கீறான். ஞாயித்திக்கெழம வருவான், உன் கைவேலைய அவனே பாக்கட்டும்” என்றார்.

சைக்கிளில் போகிற தூரத்தில் வேலை. அந்த வாரம் முழுக்க ரயிலில் நின்றுகொண்டே அதைத்தான் நினைத்தேன்.

சக்கரங்கள் சட்டைப் பொத்தான் அளவு. பழையதைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் கறுப்பாக, வளையம் போல ஒரு பிளாஸ்டிக் புஷ் இருந்தது. ஓட்டை பெரிதாகிப்போய் எவனோ ஒட்டுப்போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அது அவமானம். உண்மையான ரயிலில் சக்கரமும் அச்சும் இரும்போடு இரும்பாக இறுகியிருப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். பட்டறையில் சாப்பாட்டு நேரங்களில் கழிவுக் கம்பியை எடுத்து, சக்கரம் இரண்டும் அச்சும் ஒரே இரும்பாகக் கடைந்தேன். அப்படி இரண்டு ஜோடி. வெர்னியர் அளவுகோலில் பார்த்தால் முடி அளவு வித்தியாசம் இல்லை.

ஞாயிறு காலை தம்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சார் என் சக்கரங்களை மாட்டிப் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தார். ‘பீப்’ என்றொரு சத்தம். எஞ்சின் நின்றது. அதன் விளக்கும் அணைந்தது.

“இன்னாண்ணே, கரன்ட் கட்டா?”

“ஃபேன் சுத்துதேடா.” சார் பெட்டியை எடுத்தார், எஞ்சின் ஓடியது. வைத்தார், நின்றது.

“கும்மிடிப்பூண்டி சக்கரம்ணே. ஷிப்ட் சங்கு ஊதுனாதான் நவுரும்” என்று சிரித்தார் தம்பி.

சார் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதுல கறுப்பா ஒரு புஷ் இருந்துதே, எங்க?”

“யாரோ ஒட்டுப்போட்ட மாதிரி இருந்துச்சி சார். எடுத்துட்டேன்.”

“அடப்பாவி! ரெண்டு தண்டவாளத்துலயும் கரன்ட் கீதுப்பா. ஒண்ணோட ஒண்ணு சேராம இருக்கத்தான் அந்த புஷ்ஷு. நீ இரும்பப் போட்டு சேத்துட்ட. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

தம்பிக்காரர் சக்கரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

“வேல சுத்தமா கீது மேஸ்திரி. நான்கூட இவ்ளோ நைஸா எடுக்க மாட்டேன். ஆனா டவுட்ட கேக்காத ஆள வச்சிக்கினா எனக்குத்தான் பேஜாரு. ஒரு பீஸு தப்புன்னா நூறு பீஸு போவும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நைலான் புஷ் போட்ட சக்கரங்களோடு போனேன். பெட்டி ஓடியது. தம்பிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சார் தயங்கிச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன்: “சார், அந்த இன்னொரு எஞ்சின் மட்டும் ஏன் நிக்குது?”

அவர் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். “அதுக்குள்ள ஒரு சிப்பு கீது. கரன்ட் எப்பவும் வந்துக்கினுதான் இருக்கும். தன் நம்பர கூப்ட்டாதான் அது கெளம்பும்” என்றார். இவ்வளவுதான் பதில். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போதும் அதே இரண்டு ரயில்தான். பட்டறையில் புது வேலைக்கு வரைபடம் வந்தால் மட்டும், சூப்பர்வைசர்களிடம் எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். “இன்னா, இது கூடவா தெரியாது?” என்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

18 ஜனவரி 2009, ஞாயிறு.